எழுதத் தெரியாமலே கதை சொல்லி, நாவலாசிரியர் ஆன அம்மா



மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வேலு நாச்சியார், ஜான்சி ராணி, அன்னை தெரசா இவர்களைப் பற்றியெல்லாம் நம்ம மலர்களில் பல தடவை படித்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு நாவலாசிரியரை. பேர் வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் காலமாகி 60 வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பேர் தெரியாதவர்களுக்கும் அவர் கதை ஒன்று தெரிந்திருக்கும். பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா நடித்து 1966-இல் வந்த ‘சித்தி’ படம் டிவியில் எத்தனை முறை ஓடியிருக்கிறது! அந்தப் படத்துக்கு மூலம் இந்த அம்மா எழுதிய ‘தயாநிதி’ என்ற நாவல்தான். படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நாவலாசிரியரை எதற்கு எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம்ம குழுக்களில் மாட்டுக்கடன், தையல் மிஷின், பலகாரத் தொழில், வட்டிக்கணக்கு என்று எல்லாம் பேசுகிறோம். ஒரு பொம்பளை தனக்காக, தன் சந்தோசத்துக்காக ஒரு கதைப் புத்தகம் படிக்கலாம் என்று மட்டும் பேசுவதே இல்லை. புள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம். அம்மா படிக்கக் கூடாதா? பகலில் ஒரு நாவலை விரித்து உட்கார்ந்தால், வேலைவெட்டி இல்லாதவள் என்று பேர் வந்துவிடுகிறது. இந்தப் பேச்சு நூறு வருசத்துக்கு முன்னாடியே இருந்த பேச்சு. அதற்கு நடுவில் ஒரு பெண் எப்படி நின்றார் என்பதுதான் இந்த வாழ்க்கை.

கோதைநாயகி 1901-ஆம் வருசம் டிசம்பர் 1-ஆம் தேதி, காஞ்சிபுரம் பக்கம் உள்ள நீர்வளூரைச் சேர்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வெங்கடாச்சாரியார், அம்மா பட்டம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே அம்மா போய்விட்டார். பாட்டியும் சொந்தபந்தங்களும்தான் வளர்த்து ஆளாக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் அந்த மாதிரி வீடுகளில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வழக்கம் இல்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் பாசுரம் சொல்லுவார்கள், புராணம் சொல்லுவார்கள். குழந்தை எல்லாவற்றையும் காதால் வாங்கி மனசில் போட்டுக்கொண்டது. எழுத்து கைக்கு வரும் முன்னாலேயே கதை காதுக்கு வந்துவிட்டது.

1907-இல் கல்யாணம். பெண்ணுக்கு ஐந்தரை வயது, மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. இன்றைக்கு நடந்தால் 1098-க்குப் போன் பண்ணி நிறுத்துவோம். அப்போது அதுதான் ஊர் நடப்பு. புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணியில். ‘வை.மு.’ என்பது அந்தப் புகுந்த வீட்டின் குடும்ப அடையாளம். கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புத்தகமும் படிப்பும் நிறைந்த வீடு. ஆனால் அங்கே வந்த மருமகளுக்கு எழுதத் தெரியாது.

வீட்டுக்காரர் நல்ல மனிதராக வாய்த்தார். மனைவியை நாடகம் பார்க்கக் கூட்டிப்போவார். பார்த்துவிட்டு வந்தால் கோதைநாயகிக்கு அந்தக் கதையே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் பெண்களையும் உட்கார வைத்துக் கதை சொல்லுவார். சொல்லச் சொல்ல, தானே ஒரு கதை கட்டலாமே என்று ஆசை வந்தது. எழுதத் தெரியாதே, என்ன பண்ணுவது?

இந்த இடத்தில்தான் நம்மைப் போல ஒரு தோழி வருகிறார். அவர் பேரும் பட்டம்மாள்தான். கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். அப்படி எழுதி முடித்தது ‘இந்திர மோகனா’ என்ற நாடகம். 1924-இல் அது புத்தகமாக அச்சாகி வந்தது. ஒருத்தி மனசில் கதை இருந்தது, இன்னொருத்தி கையில் எழுத்து இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டுவிட்டார்கள். சுய உதவிக் குழு என்ற பேர் அப்போது இல்லை, வேலை என்னவோ அதேதான். தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் முதல் குழுக்கள் ஆரம்பித்தபோதும் இப்படித்தானே? கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருத்தி கணக்கு எழுதினாள், மற்றவர்கள் நம்பிக் காசைக் கொடுத்தார்கள்.

ஆனால் கோதைநாயகி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்துவிடவில்லை. அதே பட்டம்மாளிடம் எழுதப் பழகினார். வயது 20 தாண்டிவிட்டது. குடும்பப் பெண் வீட்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுதினார் என்று நினைத்துப் பாருங்கள். 1990-களில் அறிவொளி இயக்கம் நம்ம ஊர்களுக்கு வந்தபோது, பொழுதோட வேலை முடிந்து வந்து லைட் வெளிச்சத்தில் ‘அ’ எழுதிப் பழகிய அக்காமார்கள் இன்றைக்கும் நம்ம கூட்டமைப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

அடுத்தது நாவல். அந்த நாளில் துப்பறியும் நாவல்களுக்குப் பேர் போனவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். அவருடைய ஆதரவும் யோசனையும் கோதைநாயகிக்குக் கிடைத்தது. ‘ஜகன்மோகினி’ என்று ஒரு மாதப் பத்திரிகை நின்றுபோய்க் கிடந்தது. 1925-இல் அந்தப் பத்திரிகையை வாங்கி நடத்த ஆரம்பித்தார். முந்தின வருசம் வரைக்கும் இன்னொருத்தி கையால் எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது பத்திரிகைக்கே ஆசிரியர்! அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’ அதில்தான் தொடராக வந்தது. ஏறக்குறைய 35 வருசம் அந்தப் பத்திரிகையை நடத்தினார். மொத்தம் 115 நாவல்கள் எழுதினார். பின்னாளில் சொந்தமாக அச்சகமும் வைத்துக்கொண்டார்.

தொழில் பண்ணுகிற நம்ம சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நின்றுபோன ஒரு பத்திரிகையை எடுத்து நிறுத்துவது சாதாரண காரியம் இல்லை. காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கூலி கொடுக்க வேண்டும், சந்தாதாரருக்கு மாதா மாதம் தவறாமல் தபாலில் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் ஆள் விட்டுப் போவார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து, பல பத்திரிகைகள் திணறின. அந்தத் தட்டுப்பாட்டில் ஜகன்மோகினியும் அடிபட்டது. அதற்குப் பிறகும் விடாமல் நடத்தினார்.

அவர் நாவல்களைப் படித்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். நாவல் படித்தால் பெண்பிள்ளை கெட்டுப்போவாள், புருசனை மதிக்க மாட்டாள், அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள் என்று சொன்ன காலம் அது. படிக்கிறதே அப்படி என்றால், எழுதுகிற பெண்ணை என்ன பேசியிருப்பார்கள்! ஆனாலும் எழுதினார். குழந்தைக் கல்யாணம், விதவையின் கஷ்டம், வரதட்சணை, குடியால் அழிந்த குடும்பம், பெண் படிப்பு இதெல்லாம் அவர் கதைகளில் வரும். நடுநடுவே துப்பறிவதும், ஆள்மாறாட்டமும், திடீர்த் திருப்பமும் வரும். படிக்கிறவளைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகத் தெரிந்தவர்.

நல்லதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்ல வேண்டும். பெரிய இலக்கியக்காரர்கள் இவர் நாவல்களை அவ்வளவாகக் கொண்டாடவில்லை. புத்திமதி அதிகம், நல்லவர்கள் ரொம்ப நல்லவர்களாகவும் கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்களாகவும் இருக்கிறார்கள் என்று ஒரு குறை உண்டு. நான் படித்த வரைக்கும் அதில் உண்மை இருக்கிறது. அவர் நாவல்களில் வருகிற பேச்சும் அந்தக் காலத்து ஐயர் வீட்டுப் பேச்சு. நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்துக் காதுக்குச் சட்டென்று பழகாது. நாலு பக்கம் பொறுத்துப் படித்தால் பிறகு வழி பிடிபட்டுவிடும். மதியம் சீரியல் பார்த்து அடுத்த நாளுக்குக் காத்திருக்கிறோமே, அந்த ருசி இவர் கதையில் உண்டு. அது ஒரு தப்பான ருசி என்று நான் நினைக்கவில்லை. வெறும் பயனுக்காகப் படிக்க வேண்டும் என்றால் உரப் பையின் அச்சைப் படித்தால் போதுமே! சந்தோசமாகப் படிக்க ஆரம்பித்தவள்தான் அடுத்த புத்தகத்தை எடுப்பாள்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 1925-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது சீனிவாச ஐயங்கார் வீட்டில் அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு பட்டும் நகையும் விட்டுக் கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி போன்றவர்களோடு சேர்ந்து காங்கிரஸ் வேலை பார்த்தார். நல்ல குரல் வளம் உள்ளவர், மேடையில் பாடுவார், பேசுவார். பெண்கள் பொதுமேடை ஏறவே கூச்சப்பட்ட நாளில் இது நடந்தது. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று போராடி 1930-களின் ஆரம்பத்தில் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலுக்குள்ளும் நாவல் எழுதினார். ‘உத்தமசீலன்’ அப்படி எழுதியதுதான். அவர் உள்ளே இருந்தபோது ஜகன்மோகினி நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர் அவர் வீட்டுக்காரர் பார்த்தசாரதி. பெண்டாட்டி கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு இந்த இடத்தை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

அவர் கதைகள் அந்தக் காலத்திலேயே சினிமாவும் ஆகின. 1937-இல் ‘ராஜமோகன்’, 1938-இல் ‘அநாதைப் பெண்’ வந்தன. காந்தி 1948-இல் இறந்த பிறகு, அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் தொடங்கி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தியாகி என்று அரசாங்கம் கொடுத்த 10 ஏக்கர் நிலத்தை வினோபாவின் பூதான இயக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு செண்ட் நிலத்துக்குப் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போவதைப் பார்க்கிற நமக்கு அந்தப் பத்து ஏக்கரின் கனம் தெரியும்.

கோதைநாயகிக்கு ஒரே மகன், பேர் சீனிவாசன். தாய் முகமே நினைவில்லாமல் வளர்ந்த பெண், தானும் ஒரு தாயாகி, மகனை வளர்த்துக்கொண்டேதான் எழுதினார், பத்திரிகை நடத்தினார், ஊருக்கும் உழைத்தார். 1956-இல் அந்த மகன் இறந்துபோனான். பெற்ற பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு இருப்பது என்ன வெசனம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் உடம்பு தேறவே இல்லை. காசநோய் பிடித்துக்கொண்டது. தாம்பரம் சானடோரியத்தில் சிகிச்சையில் இருந்தபோது 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார். வயது 58.

சென்னை அம்மாவின் வாழ்க்கை கொங்கு நாட்டில் இருக்கிற நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நமக்கும் நம்ம நாவல் உண்டுங்க. அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1942-இல், நம்ம கொங்கு மண்ணில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ என்ற நாவலைக் கொண்டுவந்தார். புருசனை இழந்த ஒரு குடியானவப் பெண், குடும்ப நிலத்தில் தனக்குப் பங்கு கேட்கிற கதை. அதில் வருகிற காடு, தோட்டம், பேச்சு எல்லாம் நம்மது. அளவிலும் சின்னதுதான். நாவல் படித்தே பழக்கமில்லாதவர்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள். நாகம்மாள் செய்தது சரியா தப்பா என்று பத்துப் பேர் படித்தால் பத்து விதமாகப் பேசுவார்கள். நம்ம வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற பஞ்சாயத்து அது.

புத்தகத்துக்குக் காசு வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் ஐயா, பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர், சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோதுதான் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கு நாம் ஏற்கனவே காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சந்தா கட்டிவிட்டுக் கடன் கேட்காமல் இருக்கிற உறுப்பினர் மாதிரி, வரி கட்டிவிட்டுப் புத்தகம் எடுக்காமல் இருக்கிறோம். கோதைநாயகி அம்மாளின் எழுத்தைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யாரும் பதிப்பிக்கலாம்.

என் கணக்கையும் சொல்கிறேன். நானும் ஒரு அம்மாதான். பிள்ளைகள் தூங்கின பிறகு தினமும் 10 பக்கம் என்று வைத்திருக்கிறேன். 10 பக்கம் படிக்க அரைமணி கூட ஆகாது. மாதத்துக்கு 300 பக்கம், அது ஒரு நாவல். வருசத்துக்கு 12 நாவல். சேமிப்பு மாதிரிதான், ஒருநாள் ரொம்பக் கொஞ்சமாகத் தெரியும், வருசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். படித்து முடித்த நாவலின் பேரைப் பழைய பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். என்ன லாபம் என்று கேட்டால் லாபம் என்று காட்ட ஒன்றுமில்லை. அந்த அரைமணி நேரம் நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை, குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவளும் இல்லை. மறுநாள் காலையில் அதே வேலைகளுக்கு எழுந்திருக்கும்போது மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. இன்னொன்றையும் பார்க்கிறேன். படி படி என்று நான் சொன்னபோது திரும்பாத பிள்ளைகள், நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, என்ன கதைம்மா என்று கேட்டுப் பக்கத்தில் வந்து படுக்கிறார்கள்.

படிக்கத் தெரியாத அக்காமார்கள் இதைக் கேட்டுவிட்டு நமக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். எழுதத் தெரியாத காலத்திலேயே கோதைநாயகி அம்மாள் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அப்படியென்றால் படிக்கத் தெரியாமல் ஒரு நாவலைக் கேட்டு முடிக்க முடியாதா? பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஒரு பட்டம்மாள் இருந்தால் போதும். நம்ம ஒவ்வொரு குழுவிலும் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த மருமகள்களும் மகள்களும் இருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி, கடன் வசூல் எழுதி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கால்மணி நேரம் ஒருத்தர் நாவல் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். முதல் புத்தகமாக ‘நாகம்மாள்’ எடுக்கலாம். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் புத்தகம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எங்கள் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். உங்கள் குழுவிலும் வைத்துப் பாருங்கள், அடுத்த மலருக்குள் எத்தனை நாவல் முடித்தோம் என்று எல்லாரும் கணக்குச் சொல்லுவோமுங்க.